போர்மன் வீட்டு வால்வெள்ளி

போன மாதம் மனையாவெளிப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். முழங்கால் வலியோடு நின்றுகொண்டிருக்க ஏலாமல் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்துகொண்டு, எதிரே தெரிந்த மாடிகளை எண்ணினேன். பதினான்கு மாடி, பதினேழு தண்ணீர்த் தாங்கி. எல்லாம் கறுப்பு. பொழுதுபட்டதும் வீதி விளக்குகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். இந்த வெளிச்சத்தில் இனி ஒரு வால்வெள்ளி வந்தாலும் தலையில் வந்து முட்டினால்தான் ஊருக்குத் தெரியும்.

அறுபதுகளில் அந்தச் செத்தவீடு நடந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், கொங்கிரீட் தட்டைக் கூரையாகப் போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓடும் ஓலைக் கிடுகும். அந்தத் தட்டின் மேல் இருபத்திரண்டு தகரத்தில் கட்டிய ஒரு கொட்டில் நின்றது. கொட்டிலின் கூரைக்கு நான்கு இரும்புச் சில்லுகள். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் கூரை பின்பக்கம் ஓடிவிடும்; நடுவில் நிற்கிற தொலைநோக்கிக்கு வானம் திறந்துவிடும். நாங்கள் அதை வான்நோக்கு நிலையம் என்று சொல்வோம். வீட்டுக்கார அக்கா அதைக் கோழிக்கூடு என்று சொல்வார். கோழி இருந்திருந்தால் முட்டையாவது கிடைத்திருக்கும் என்பது அவருடைய கணக்கு.

அக்காவின் கணவரைத் துறைமுகத்தில் எல்லாரும் போர்மன் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை வைத்திருந்த காலத்தில் அவர் கருவிகள் திருத்தும் பகுதியில் வேலையாட்களுக்குத் தலைவரான போர்மனாக இருந்தவர். கப்பல் தொலைநோக்கி, திசைகாட்டி, கோணமானி எல்லாம் அவருடைய கைக்குத்தான் வரும். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் போனான்; அந்தப் பகுதியை மூடினார்கள். அதற்குப் பிறகு அவர் தண்ணீர்ப் பம்பும் தையல் மெஷினும் திருத்தினார். பட்டம் மட்டும் போகவில்லை.

தொலைநோக்கியின் கண்ணாடியை அவரே தேய்த்துச் செய்தார். உடைக்க வந்த ஒரு பழைய கப்பலின் வட்ட யன்னல் கண்ணாடி அது. இரண்டு விரல் தடிப்பு. அதைத் தகரப் பீப்பாவின் மேல் வைத்து, மண்ணும் தண்ணீரும் விட்டு, பீப்பாவைச் சுற்றி நடந்து நடந்து ஒரு வருடத்துக்கு மேல் தேய்த்தார். குழிவு சரிவந்த பிறகு வெள்ளி முலாம் பூசினார். கடற்காற்று அந்த முலாமைச் சில மாதத்திலேயே தின்றுவிடும். நான் அங்கே போய்வந்த காலத்தில் மட்டும் ஒன்பது முறை பூசினார். கொட்டிலின் ஆணிகள் கறள் பிடிக்கும். சில்லுகள் இறுகும். ஏணிப்படி ஆடும். அதில் ஏறும்போதெல்லாம் நான் விழுந்துதான் சாவேன் என்று நினைத்தேன். இன்றுவரை அந்தப் பயம் வீணாகத்தான் போயிருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். போர்மன் பார்ப்பவர். மாஸ்டர் எழுதிக் கணக்குப் போடுபவர். பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார், கத்தோலிக்கர், பூசை தவறாத மனிதர். நான் எண்ணுபவன். துறைமுகத்திலும் அதுதான் என் தொழில்: கப்பலில் இருந்து இறங்குகிற கோதுமை மா மூட்டையையும் ஏறுகிற தேயிலைப் பெட்டியையும் எண்ணி எழுதும் கிளாக்கர். பகல் முழுவதும் எண்ணிவிட்டு இரவிலும் போய் எண்ணுகிறேன் என்று வீட்டில் பேச்சு.

வானத்தில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நொடிகள் இருக்கின்றன. தொலைநோக்கியை அசையாமல் பூட்டிவிட்டால், பூமி சுழல்கிற சுழற்சியில் நட்சத்திரங்கள் கண்ணாடிக்குள் மெல்ல நகர்ந்துபோகும். நடுவில் தலைமயிர் தடிப்பில் ஒரு கம்பி. இடம் தெரிந்த ஒரு நட்சத்திரம் கம்பியைத் தொடும்போது போர்மன் "இந்தா" என்பார். பிறகு நாங்கள் தேடுகிற பொருள் தொடும்போது இன்னொரு "இந்தா". இரண்டு இந்தாவுக்கும் இடையில் எத்தனை நொடி என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது என் வேலை. அந்த நொடிகளை வைத்து மாஸ்டர் பொருளின் இடத்தைக் கண்டுபிடிப்பார். நொடி பிந்தாமல் இருக்க, சிற்றலையில் நொடிக்கொரு சத்தம் போடுகிற ஒரு வானொலி நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் சிறுகோள்களைத்தான் பின்தொடர்ந்தோம். பார்க்க நட்சத்திரம் போலவே இருக்கும். ஆனால் அடுத்த நாள் பார்த்தால் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். அந்தக் கொஞ்சத்தை அளப்பதுதான் எங்கள் பிழைப்பு.

"நேற்றிருந்த இடத்தில இண்டைக்கு இல்லையெண்டு அறியிறதுக்கோ இவ்வளவு பாடு?" என்று அக்கா கேட்பார். "எங்கட வீட்டுச் சேவலும் அப்பிடித்தான் திரியுது. அதையும் ஒருக்கா அளந்து எழுதுங்கோவன், தம்பி."

போர்மன் சிரிக்கமாட்டார். அவருக்குச் சிறுகோள் வெறும் பழக்கம். அவர் தேடியது வால்வெள்ளி. புதிய வால்வெள்ளிக்கு முதலில் கண்டவனின் பெயரை வைப்பது வழக்கம். அந்தக் கதையை அவர் யாரிடமும் கதைக்கமாட்டார். ஆனால் அதற்காகத்தான் கண்ணாடி தேய்த்தார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஒருமுறை கண்டும் விட்டார். நான் அவர்களோடு சேருவதற்கு முந்திய கதை இது. மேற்கே புகைபோல ஒன்று தெரிந்ததாம். மாஸ்டரையும் கேட்காமல், வான வரைபடத்தையும் சரியாகப் பார்க்காமல், நேரே தந்திக் கந்தோருக்குப் போய் வெளிநாட்டுப் பெரிய வான்நோக்கு நிலையத்துக்குத் தந்தி அடித்துவிட்டார். அது இருநூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த ஒரு நட்சத்திரக் கூட்டம். பதில் ஒரே ஒரு வரியில் வந்தது. அந்த ஒரு வரி தந்திக் கந்தோரில் இருந்து மீன்கடைக்குப் போக அரைநாள்கூட எடுக்கவில்லை.

அதன்பிறகு அவர் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனால் போதும், மீன்காரர் தொடங்கிவிடுவார்கள்.

"என்ன போர்மன், ராத்திரி எத்தனை பட்டது?"

"அண்ணைக்கு வாலுள்ளது வேணாமாம். வால் வைச்சதைப் பிடிச்சு அவர் பட்ட பாடே காணும், போதுமாம்."

"தலைத் துண்டை வெட்டிக் குடடா அவருக்கு."

அவர் தந்ததை வாங்கிக்கொண்டு வருவார். வந்து, பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, மேலே ஏறிவிடுவார். எட்டு வருடம் இந்தப் பகிடி நடந்தது.

அக்காவுக்கு வேறு கவலை. அவருடைய தங்கச்சி மூதூரில் இருந்தார். புருஷன் செத்துப்போய், மாமியார் வீட்டின் பின்விறாந்தையில் ஒரு பாயோடு காலம் போய்க்கொண்டிருந்தது. மூதூர் லாஞ்சிப் படகில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகும்போதெல்லாம் அக்கா இறங்குதுறை வரைக்கும் அழுதுகொண்டே போவார். கீழே இருந்தது ஒரு அறையும் ஒரு கூடமும். மேல் தட்டில் ஒரு அறை எழுப்பினால் தங்கச்சி வந்து இருக்கலாம். தட்டில் கொட்டில் நின்றது.

அறுபத்தெட்டு மாரி முடியும் காலத்தில் அக்காவுக்கும் போர்மனுக்கும் பெரிய வாய்ச்சண்டை. நானும் மாஸ்டரும் அங்கேதான் இருந்தோம். எழும்பிப் போகவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. கடைசியில் போர்மன் சொன்னார்:

"சரி. இன்னும் ஒருக்கா. இனி ஒண்டை நான் கண்டு, அதுவும் பிழையெண்டு வந்தால், நானே என்ர கையால தகரத்தைக் கழட்டித் தாறன். உன்ர தங்கச்சிக்கு அறை எழுப்பு."

"காணாமலே இருந்தால்?"

மாஸ்டர் அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பதில் அவரிடமிருந்துதான் வந்தது: "காணுவார், தங்கச்சி. காணாமல் விடமாட்டார். அதுதான் எனக்குப் பயம்."

அது போயாக் கிழமை நடந்த காலம். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஐந்து வருடம் போல, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. அமாவாசை, அட்டமி, பறுவம் என்கிற பௌர்ணமி, மறுபடி அட்டமி, இப்படிச் சந்திரனின் நான்கு நிலைக்கு, பௌத்தர் போயா என்கிற நான்கு லீவு. சில கிழமைக்கு ஏழு நாள், சில கிழமைக்கு எட்டு நாள். திங்களென்றும் செவ்வாயென்றும் யாரும் சொல்வதில்லை. போயா முடிந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் என்றுதான் கதை. பள்ளிக்கூட நேரசூசியும் அப்படி. எனக்கு அது பெரிய அந்தரம். எட்டு நாள் கிழமையில் சம்பளக் கணக்கு என்ன ஆகும் என்று யோசித்து நித்திரை கெட்டிருக்கிறேன். ஆனால் வானம் பார்ப்பவனுக்கு அது ராச காலம். நிலவில்லாத இரவில் கண்விழித்துவிட்டுப் படுக்க, அமாவாசைக்கு அரசாங்கமே லீவு தந்தது.

கஷ்டப்பட்டது மாஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். அதனால் ஞாயிறு விடியும்போதே பூசைக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே வகுப்புக்குப் போவார்.

அதுவரைக்கும் நாங்கள் பின்னேரத்தில்தான் பார்த்துவந்தோம். பொழுதுபட்டதும் ஏறுவோம், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி இறங்குவோம். அந்த வருடம் போர்மன் மாற்றினார். சூரியனுக்குக் கிட்ட வருகிற வால்வெள்ளிகள் விடியற்காலையில் கிழக்கில்தான் கூடுதலாகத் தெரியும் என்று எங்கோ வாசித்திருக்கிறார். கிழக்கே டச்சுக்குடா, அதற்கப்பால் வெறும் கடல். எங்களைப்போல அடிவானம் யாருக்கு இருக்கிறது? ஆகவே விடியமுன் எழும்பத் தொடங்கினோம். நான் சைக்கிளில் வரும்போது பட்டணத்துப் பழைய கோட்டையில் திரிகிற மான்கள் வீதியில் படுத்திருக்கும். மணி அடித்தாலும் எழும்பா. அக்கா கதவைத் தாளிடாமல் படுத்துவிடுவார். நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தால் மேலே ஏறுவோம்.

பல கிழமைகள் ஒன்றுமில்லை. கடலில் மீன்பிடி விளக்குகள், கொட்டியாரக் குடாவுக்கு அங்கால் சம்பூர்ப் பக்கத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு, பனி. எனக்குத் தடிமன், ஓயாத தும்மல். பிறகு ஒரு காலை, சிறுகோள் ஒன்றை அளக்கலாம் என்று நான் எண்ணத் தொடங்கியிருந்தபோது போர்மன் கையை உயர்த்தினார்.

"தம்பி, எண்ணாதை. கொஞ்சம் பொறு."

"என்ன அண்ணை?"

"இதில ஒரு அழுக்குக் கிடக்கு."

"கண்ணாடியிலயோ, வானத்திலயோ?" என்று மாஸ்டர் கேட்டார்.

"குழாயைத் தட்டிப் பாத்தனான். அழுக்கு அசையேல்லை. நட்சத்திரங்களோட சேர்ந்துதான் போகுது."

மாஸ்டர் பார்த்தார். நான் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல், நடுவில் கொஞ்சம் கூடுதலான வெள்ளை. இந்தமுறை யாரும் அவசரப்படவில்லை. மாஸ்டர் வரைபடத்தை டோர்ச் வெளிச்சத்தில் விரித்து, அந்த இடத்தில் பழைய கூட்டம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இன்னொரு வரைபடத்தில் தேடினார். இல்லை. பிறகு இந்தா, எண்ணிக்கை, இந்தா. போர்மன் நான்கு முறை திரும்பத் திரும்ப அளக்கச் சொன்னார்.

"நாளைக்கு இது இதில இருக்கக்கூடாது," என்றார். "தள்ளிப்போயிருக்க வேணும். பிள்ளையாரே, தள்ளிப்போகட்டும்."

அடுத்த காலையில் அது தள்ளித்தான் போயிருந்தது. முழு நிலவின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு தூரம். அளந்து முடித்தபோது கீழ்வானம் வெளுக்கத் தொடங்கி, மாதா கோயில் மணி கேட்டது. மாஸ்டர் "ஐயோ, பூசை" என்று கொப்பியைப் போர்மனின் கையில் திணித்துவிட்டு, பனியில் நனைந்த சேட்டோடு ஓடினார். போர்மன் குளித்து, நல்ல வேட்டி கட்டி, தந்திக் கந்தோர் திறக்கும்வரை வாசலில் நின்றார். கொப்பியில் மாஸ்டர் எழுதிய நாளும் நேரமும் இடமும் தந்தியில் போயின. தந்தி எழுதியவன், "திரும்பவுமோ அண்ணை?" என்று கேட்டானாம்.

வீட்டில் அக்காவுக்கு ஒரு பக்கம் கவலை, ஒரு பக்கம் பகிடி. "வால்வெள்ளி ராசாவுக்குக் கூடாதெண்டு சொல்லுவினம். உங்கட பேரை வைச்ச பிறகு ஆரும் பெரிய மனிசர் செத்தால், சனம் எங்கட வாசலுக்குத்தான் வரப்போகுது."

"வரட்டும். தேத்தண்ணி குடு."

அதற்குப் பிறகு மழைமுகில். பதினொரு காலை ஏறினோம். பதினொரு காலையும் கிழக்கே சாம்பல் நிறச் சீலை. பதில் வந்தபோதும் மழை தூறிக்கொண்டிருந்தது. சொன்ன இடத்தில், சொன்ன பாதையில், தேடியும் ஒன்றும் காணப்படவில்லை என்று இருந்தது.

போர்மன் அதை மடித்துப் பையில் வைத்தார். அன்றைக்கே மேசனுக்குச் சொல்லி அனுப்பினார். சொன்ன சொல் சொன்னதுதான். மேசன் வந்து கொட்டிலைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, முந்நூறு கல் வேண்டும் என்றான். கல் வந்து வளவில் இறங்கியது. நான் எண்ணினேன், பதினாறு குறைவு. அக்கா தங்கச்சிக்குக் கடதாசி போட்டார். ஆனால் போர்மனின் முகத்தைப் பார்த்துவிட்டு, தகரத்தை எப்போது கழற்றுவது என்று கேட்கவில்லை.

அந்தக் கிழமையே மாஸ்டர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையோடு ஓடிவந்தார். கடல் கடந்த ஒரு நாட்டில் ஒருவன் புதிய வால்வெள்ளி கண்டிருக்கிறான். அவனுடைய பெயரை வைத்துவிட்டார்கள். நாங்கள் பார்த்ததற்கு இரண்டு நாள் பிந்தித்தான் கண்டிருக்கிறான்.

மூன்று பேரும் கூடத்தில் இருந்து கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தோம். அவன் கண்ட இடம், பிறகு மற்றவர்கள் கண்ட இடங்கள், அழகான ஒரு வளைகோடு. எங்கள் இரண்டு புள்ளியும் அதே கோட்டில்தான் விழுந்தன. ஆனால் நாள் பொருந்தவில்லை. கோட்டின்படி அந்த இடங்களுக்கு வால்வெள்ளி வந்தது நாங்கள் எழுதியதற்கு அடுத்த நாள்.

"பாதை சரி. நாள் பிழை," என்றார் மாஸ்டர். "கந்தளாய் ஸ்டேசனில நிக்கிற ரயிலை அடுத்த ஸ்டேசனான தம்பலகாமத்தில தேடச் சொல்லியிருக்கிறம். அவங்கள் என்னெண்டு காணுறது?"

"நாள் என்னெண்டு பிழைக்கும்?" என்றார் போர்மன். "நேரம் வானொலியில எடுத்தது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்ததாக எனக்குப் பட்டது. உண்மையில் பார்த்தார்களோ தெரியாது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. நொடிகள் பிழைத்தால் இடம்தான் பிழைக்கும், நாள் பிழைக்காது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் படுக்கையில் கிடந்து, ஒரு நாளின் எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி எங்கே தவறியிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த காலை முகில் கலைந்திருந்தது. ஏறிப் பார்த்தோம், வால்வெள்ளி சூரியனுக்குள் போய்விட்டது. இறங்கி வந்து கூடத்தில் கதிரைகளில் இருந்தோம். வெளியே நன்றாக விடிந்துவிட்டது. அக்கா கிணற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தார், கும்பிட்டார், திருநீறு பூசினார். பிறகு ஏணிப்படியின் பக்கத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கசக்கினார்.

மாஸ்டர் கதிரையை விட்டு எழும்பினார்.

"தங்கச்சி, இப்ப என்ன கிழிச்சனீங்கள்?"

"நேற்றைத்தான்."

"எப்பவும் இந்த நேரத்திலயோ கிழிக்கிறனீங்கள்?"

"விளக்கு வைச்ச பிறகுதானே மாஸ்டர் நாள் பிறக்கும். விடியமுன்னம் ஆர் தாள் கிழிக்கிறது? வீட்டுக்குக் கூடாது."

மாஸ்டர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். மேலே ஏறும்போது டோர்ச்சை அந்தத் தாளின் பெரிய இலக்கத்தில் அடித்துப் பார்த்து, அதையே கொப்பியில் எழுதுவது அவருடைய வழக்கம். பின்னேரத்தில் அது எப்போதும் சரி. வருடக்கணக்காகச் சரியாக இருந்த ஒன்றை யார் சந்தேகிப்பது? விடியமுன் ஏறத் தொடங்கியபோது அந்தத் தாள் முந்தைய நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் விடியற்காலை கிரீன்விச்சில் முந்தைய நாள் இரவு என்பதால், தந்திக்கென்று கொப்பியின் ஓரத்தில் கிரீன்விச் நாளை எழுதும்போது மாஸ்டர் முறைப்படி இன்னொரு நாளைக் கழித்தார். கழிப்பது சரி என்று தெரிந்ததால் சுவரில் ஏற்கெனவே கழிந்துபோயிருந்த நாளைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கிழமையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், போயாக் காலத்தில் கிழமை யாருக்கு ஞாபகம்?

"எனக்கு ஞாபகம்," என்றார் மாஸ்டர். "ரெண்டாம் முறை கண்ட அண்டைக்கு இஞ்சயிருந்து நேர பூசைக்கு ஓடினனான். அது ஞாயிறு. கொப்பியில சனிக்கிழமையின்ர திகதி கிடக்கு."

கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். பிறகு போர்மன் மெல்ல அக்காவின் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார்.

"என்னை என்ன பாக்கிறியள்? நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு இப்பிடித்தான் கிழிக்கிறன். உங்கட வால்வெள்ளிக்காக விடியமுன்னம் விடிய வைக்கோணுமோ? படிச்ச மூண்டு ஆம்பிளையள், இண்டைக்கு என்ன திகதி எண்டு என்ர சுவரைப் பாத்தோ எழுதினனீங்கள்?"

போர்மன் கசங்கிய தாளைப் பொறுக்கி விரித்துப் பார்த்தார். முதலில் சிரித்தது மாஸ்டர்தான். பிறகு நான். எனக்கு அது சிரிப்பும் இல்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கின நிம்மதி.

அன்று முழுவதும் வாதம். மாஸ்டர் சொன்னார்: உரிமை கேட்டு எழுதுவோம், நாங்கள்தான் முதலில் கண்டோம், தந்தி போன நாளுக்குக் கந்தோரில் முத்திரை இருக்கிறது. அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார்: "பங்குச் சாமியாரிட்ட ஒரு கடதாசி வாங்குங்கோ, மாஸ்டர் அண்டைக்கு நனைஞ்ச சேட்டோட பூசைக்கு வந்தவர் எண்டு. வெள்ளைக்காரன் சாமியாரை நம்புவான்."

போர்மன் தலையை ஆட்டினார். "ஒருக்கா பிழை சொன்னவன் நான். அவங்களிட்ட என்ர பேர் கிடக்கும். இப்ப நாளையும் மாத்திக்கொண்டு பேரையும் கேட்டால், பத்திரிகையைப் பாத்து எழுதுறான் கள்ளன் எண்டுதான் நினைப்பினம். பேர் வேண்டாம். நாளை மட்டும் திருத்தி எழுதுவம். ஏன் பிழைச்சது எண்டும் எழுதுங்கோ."

"நாட்காட்டிக் கதையையோ?"

"உள்ளதை எழுதுங்கோ. நம்பினால் நம்பட்டும்."

மாஸ்டர் எழுதினார். இந்த நாட்டில் பல வீடுகளில் விளக்கேற்றிய பிறகே நாட்காட்டித் தாளைக் கிழிப்பார்கள் என்பதை ஆங்கிலத்தில் எழுத அவருக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. போர்மன் கல்லுக்கு மேல் ஒரு கிடுகைப் போட்டு மூடி, மேசனைப் பொறுத்திருக்கச் சொன்னார். தங்கச்சிக்கு இன்னொரு கடதாசி போயிற்று. அந்த நாட்களில் போர்மன் சாப்பிட்டது குறைவு. மீன்கடைக்கு அக்காதான் போய்வந்தார். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் போர்மன் எந்த வேலையையும் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார். வந்து, வராததுபோல வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பதில் ஒரு நீல உறையில் வந்தது. மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை போர்மன் அதை உடைக்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரியும். என்றாலும் மாஸ்டர்தான் வாசிக்க வேண்டும் என்றார். திருத்திய நாளின்படி எங்கள் இரண்டு இடங்களும் பாதையோடு பொருந்துகின்றன. கண்டுபிடிப்புக்கு முந்திய அவதானங்களாக அவற்றைச் சேர்த்துக்கொண்டோம். விளக்கத்தை மகிழ்ச்சியோடு வாசித்தோம். அவ்வளவுதான்.

"பொருந்துது எண்டுதான் கிடக்கோ, பொருந்தக்கூடும் எண்டோ?"

"பொருந்துது எண்டு கிடக்கு."

"திரும்ப வாசியுங்கோ."

மாஸ்டர் திரும்ப வாசித்தார். போர்மன் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்த முகத்தோடு மீன்கடைக்குப் போனார். எத்தனை பட்டது என்று கேட்டார்கள். "ஒண்டு பட்டது," என்றார். "பெரிய வலைக்காரன் கொண்டுபோயிட்டான். ஆனால் பட்டது பட்டதுதான், எழுத்தில கிடக்கு."

வால்வெள்ளி வால்வெள்ளிதான் என்று ஆகிவிட்டது. வாக்கின்படி கொட்டில் நிற்கலாம். அக்காவே அதை ஒப்புக்கொண்டு, கல்லைத் திருப்பிக் கொடுக்க ஆள் தேடினார். நானும் மாஸ்டரும் அடுத்த அமாவாசைக்கு எதைப் பார்ப்பது என்று திட்டம் போட்டோம். அந்த அமாவாசைப் போயா அன்று நான் சைக்கிளில் போனபோது போர்மன் தட்டின் மேல் நின்று தகரம் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"நான் மண்டாடிக் கேக்கேக்க கழட்டேல்லை. இப்ப ஆர் கேட்டது? கோயிலடியில எல்லாருக்கும் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன், எங்கட வீட்டிலதான் பாத்தது எண்டு. வந்து பாக்கப்போகினம். எதைக் காட்டுறது? மேசனையோ?"

"தங்கச்சிக்கு அறை வேணுமல்லோ."

"அவள் இவ்வளவு நாள் இருந்தவள், இன்னும் கொஞ்சம் இருப்பாள். தம்பி, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ!"

நான் ஆடுகிற ஏணிப்படியில் ஏறிப் போய், ஏன் அண்ணை என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்திருக்கும். விடியற்காலைகள் என்னுடையவையும்தானே.

அவர் ஒரு தகரத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, கறள் படிந்த கையைச் சாரத்தில் துடைத்தார். "நான் சொன்னதை அவங்கள் நம்பினாங்கள், தம்பி. அது காணும், போதும். இனி ஏறினால் பேருக்கு ஆசைப்பட்டுத்தான் ஏறுவன். அது வேற வருத்தம், மருந்தில்லாத நோய்."

எனக்கு அது விளங்கவில்லை. இன்றும் முழுதாக விளங்கவில்லை. நான் அவராக இருந்தால் கொட்டிலை விட்டிருக்கமாட்டேன். ஆனால் அன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஏலாமல், அவர் கழற்றித் தந்த தகரங்களை வாங்கி வாங்கி இறக்கினேன்.

அறை எழும்பியது. தங்கச்சி ஒரு பெட்டியோடும் இரண்டு கோழியோடும் மூதூர் லாஞ்சியில் வந்து இறங்கினார். தொலைநோக்கிக் குழாயை மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது அலுமாரிக்குப் பின்னால் சாத்தப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் பின்னேரங்களில் சந்தித்தோம். அரசியலும் விலைவாசியும் கதைத்தோம். வானத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால் போர்மன் பொறுமையாகக் கேட்பார், அவ்வளவுதான். அந்த வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு மேலே தங்கச்சியின் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

எழுபதாம் ஆண்டு, சித்திரை வெயில் தொடங்குகிற காலம், கிழக்கே ஒரு பெரிய வால்வெள்ளி வந்தது. தொலைநோக்கி வேண்டாம், கண்ணைத் திறந்தால் போதும். விடியமுன் டச்சுக்குடாக் கடற்கரையில் பட்டணமே நின்றது. சனம் எண்ண முடியாத அளவு. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு தகப்பன்மார், வலையை அப்படியே போட்டுவிட்டு வந்த மீன்காரர், செபமாலை பிடித்த கிழவிகள். கடலுக்கு மேல் வால் நிமிர்ந்து நின்றது, விளக்குமாற்றை நட்டு வைத்ததுபோல.

போர்மனும் வந்தார். சாரமும் போர்வையுமாக, அக்காவும் தங்கச்சியும் பின்னால். மீன்கடைக்காரன் ஒருவன் அவரைக் கண்டுவிட்டு, "அண்ணை, இஞ்ச முன்னுக்கு வாங்கோ, மறைக்குது," என்று சனத்தை விலக்கி வழிவிட்டான். அவர் முன்னுக்குப் போய் நின்று கனநேரம் பார்த்தார்.

"இது ஆற்ற பேரில?" என்று அக்கா கேட்டார்.

"ஆரோ ஒராள் முதல்ல கண்டிருப்பான். அவன்ர."

அக்கா தலையைச் சரித்து, வாலின் அடியில் இருந்து நுனிவரை பார்த்தார்.

"எங்கடது இதைவிடச் சின்னன்தான்," என்றார் தங்கச்சியிடம், பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக. "ஆனால் அது லேசில ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியாது."

போர்மன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் சிரித்தாரோ என்று பார்க்க நான் எட்டிப் பார்த்தேன், இருட்டில் தெரியவில்லை.